பேச்சு இருக்கிற இடம்

ஸ்கேன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த அம்மாள், "உங்க வீட்டுக்காரர் எப்பவுமே கால ஆட்டிட்டே இருப்பாரா?" என்று என்னிடம் கேட்டார். மெஷினை இயக்குவது அவர்தான். வாட்டசாட்டமான உடம்பு, ஓசையே எழுப்பாத ரப்பர் செருப்பு. கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். கால் அசைந்தால் தலையும் கூடவே துளி அசையும், படம் கலங்கிவிடும், அதனால் நடுநடுவே மைக்கில் சொல்ல வேண்டியதாகிவிட்டது என்றார். சொன்னதும் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடக்கிறதாம். அப்புறம் பழையபடி வலது கால் மட்டும் எதையோ மிதிக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பழக்கதோஷம் என்று மட்டும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷமாக அதன்மேல் வைத்த காலை அவர் இன்னும் முழுசாக எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு முன்னால் இவர் பிரேக் போடுவார். டிவியில் யாராவது வேகமாக ஓட்டினால் சோபாவின் காலை மிதிப்பார். தூக்கத்தில் என் கணுக்காலில்கூட மிதி விழுந்திருக்கிறது.

பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எனக்கும் மாஸ்டர்தான், நானும் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனவள் என்பதால். மாணவிகள் எல்லோரும் அவருக்கு மேடம். கல்யாணத்துக்குப் பிறகு நான் மாஸ்டரை மாற்றிக்கொள்ளவில்லை, அவர் மேடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. லைசென்ஸ் மட்டும் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. தன்னிடம் தேறாமல் போன ஒரே ஆள் நான்தான் என்றும், வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்து என்பதால் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டதாகவும் சொந்தக்காரர்களிடம் சொல்வார். கேட்டவர்களே திரும்பக் கேட்டாலும் அலுக்காமல் சொல்வார். பேச்சுதான் அவருக்குப் பிழைப்பு, பொழுதுபோக்கும் அதுதான். நான் திரைச்சீலை தைக்கிற கடையில் நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவள், பேச்சு கம்மி. வீட்டில் எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அந்தப் பேச்சில்தான் முதலில் ஓட்டை விழுந்தது. இண்டிகேட்டர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அதப் போடுங்க" என்றிருக்கிறார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் வைப்பரைப் போட்டிருக்கிறாள். வெயிலில் வைப்பர் கறகறவென்று ஆட, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் வந்து அதை ஒரு கதையாகவே சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் பேச்சில் 'அது'வும் 'இது'வும் அதிகமாகிக்கொண்டே போயின. ஒருநாள் ஒரு வங்கிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "நிறுத்துங்க" என்ற வார்த்தை வரவில்லை. வாயின் ஒரு ஓரம் மட்டும் துடித்திருக்கிறது. காலால் பிரேக்கை அமுக்கி வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். வங்கிக்காரர்தான் இறங்கி வந்து, கதவைத் திறந்து, அவரைப் பிடித்து வெளியே உட்காரவைத்தார்.

இடது காதுக்கு மேலே, கொஞ்சம் முன்பக்கமாக ஒரு கட்டி இருந்தது. எலுமிச்சம்பழம் அளவு என்றார்கள். மெதுவாக வளர்கிற ரகம் மாதிரி தெரிகிறது, எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் அறுவை சிகிச்சை செய்யப்போகிற டாக்டரம்மா. மூக்குக் கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, 'நாம பாக்கலாம்', 'நாம எடுத்துடலாம்' என்றே பேசுகிறவர். எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார். சிக்கல் என்னவென்றால், முக்கால்வாசிப் பேருக்கு மேல் அந்தப் பக்கத்தில்தான் பேச்சு இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் இடம் கொஞ்சம் மாறும். இவருக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னொரு வகை எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். சாதாரண ஸ்கேன் மாதிரி சும்மா படுத்திருந்தால் போதாது. உள்ளே கண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து தெரியும். அந்த எழுத்தில் தொடங்குகிற வார்த்தைகளை வாயைத் திறக்காமல் மனசுக்குள்ளேயே நினைத்துக்கொண்டே போக வேண்டும். அப்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அது படத்தில் நிறமாக வரும். கால் ஆட்டியது அந்தப் பரீட்சையில்தான்.

முடிவு கேட்கப் போன அன்று அவர் நன்றாகத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூளை. ஒரு பக்கம் மங்கலாக அந்தக் கட்டி. அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் தீப்பொறி விழுந்தது போலப் புள்ளிகள். கட்டியைச் சுற்றி மட்டும் ஒன்றும் இல்லை.

பேச்சு கட்டிக்குப் பக்கத்தில் இல்லை என்று இந்தப் படம் சொல்வதாகவும், அப்படி என்றால் நல்ல செய்திதான் என்றும் டாக்டரம்மா சொன்னார். ஆனால் அந்த 'என்றால்' கொஞ்சம் இழுத்து வந்தது. தலையின் உச்சியில், நட்டநடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி இருந்தது. பேனாவால் அதைத் தொட்டுக் காட்டி, இது கால் அசைவுக்கான இடம், வார்த்தை நினைக்கச் சொன்னால் இது ஏன் எரிகிறது என்று தெரியவில்லை என்றார். என் வீட்டுக்காரர் அந்தப் புள்ளியைப் பார்க்கவே இல்லை. ஆபரேஷனை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அவ்வளவு நீளமான வாக்கியத்தைச் சமீபத்தில் அவர் தடுமாறாமல் சொல்லி நான் கேட்டதில்லை. மனப்பாடம் பண்ணி வந்தது போல இருந்தது.

கீழே வந்து கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் ஒருவர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் எதையும் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியாதவள்.

"மாஸ்டர், உள்ள எங்க ஓட்டுனீங்க?"

அவர் டீ டம்ளரை மேசையில் வைத்தார். பிறகு, "ரவுண்டானால இருந்து… ரயில்வே கேட் வரைக்கும்," என்றார்.

துண்டுதுண்டாகத்தான் சொன்னார். நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் கையால் வரைந்து காட்டினார். முதலில் 'ப' என்று எழுத்து வந்ததாம். பல் வந்தது, பால் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. அடுத்த எழுத்துக்கு ஒன்றுகூட இல்லை. எழுத்து மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. மெஷின் டம்டம் என்று அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே காலியாகக் கிடப்பதை அது கண்டுபிடித்துவிடும் என்று பயம் வந்துவிட்டது அவருக்கு. சும்மா கிடக்கக்கூடாது, எதையாவது செய்ய வேண்டும் என்று வண்டியை எடுத்துவிட்டார்.

யார் ஓட்டினார்கள் என்று கேட்டேன்.

"நீதான்," என்றார். "அதான் அவ்வளவு பிரேக்கு."

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வழி நெடுக எனக்கு ஏதாவது சொல்லிக்கொண்டு வந்தீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். எதுவும் சொல்லவில்லையாம். மரம், கடை, வளைவு எல்லாம் வரிசையாக வந்ததாம், வார்த்தை மட்டும் கூட வரவில்லையாம்.

அப்படியானால் மேலே திரையில் பார்த்தது பேச்சின் படமே இல்லை. பேசாத மனிதனின் படம். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"விடு மேடம். நல்லா வந்திருக்குன்னு அவங்களே சொல்றாங்க. முழுசா எடுக்கட்டும்."

"பேச்சையும் சேத்து எடுத்துட்டா?"

"எடுக்கட்டும். நான் சும்மா… உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். ரொம்ப நாளைக்கு. போதாதா?"

அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை, பேரம் பேசுகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேச்சுக்குப் பக்கத்தில் கட்டி இருக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சத்தை விட்டுவிடுவார்கள், விட்டது திரும்ப வளரும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். தன்னிடம் இருப்பதிலேயே பெரிய சொத்தைக் கொடுத்து நாட்களை வாங்கப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் எனக்காக. பேசாத அவரை நினைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, கதை சொல்லாமல், என்னைக் கிண்டல் பண்ணாமல், தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவர். ஆனால் உயிரோடு. அதுவும் ஒரு வாழ்க்கைதான். எத்தனையோ பேர் அதுகூடக் கிடைக்காமல் தவிக்கிறார்கள். சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.

"போதாது. எனக்கு ரெண்டும் வேணும்."

"பேராசை," என்றார்.

"ஆமா."

டீயைக் குடித்து முடித்தார். அவசரமே இல்லாமல் குடித்தார். பிறகு எழுந்து, எனக்கு முன்னால் லிஃப்ட் பக்கம் நடந்தார்.

டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு மாஸ்டரை நன்றாகப் பார்த்தார். பிறகு போனில் ஸ்கேன் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். விஷயத்தைக் கேட்டதும் உச்சிப் புள்ளிக்குக் காரணம் கிடைத்துவிட்டதில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வந்து மாஸ்டரின் கையையே குலுக்கினார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். இந்த ஸ்கேன் மூளை யோசிப்பதை நேராகப் பார்ப்பதில்லை. ரத்தம் எங்கே கூடுதலாகப் போகிறது என்று பார்த்து ஊகிக்கிறது. கரண்ட் மீட்டர் ஓடுவதைப் பார்த்து வீட்டுக்குள் ஆள் இருப்பதாகச் சொல்வது போல. உள்ளே இருப்பவர் கொடுத்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலை செய்தால் மீட்டருக்குத் தெரியாது. அதோடு, கட்டி இருக்கிற பக்கத்தில் மீட்டரே கோளாறாகிவிடுவதும் உண்டு. வீட்டில் விளக்கு எரியும், ஆள் இருப்பார், மீட்டர் மட்டும் ஓடாது. அதனால் நிறம் வந்த இடத்தில் வேலை நடக்கிறது என்று ஓரளவு நம்பலாம், நிறம் வராத இடம் காலி என்று நம்பக்கூடாது.

அவ்வளவு சந்தேகம் இருக்கிற படத்தை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டேன். கேட்டபிறகு துடுக்காகப் போய்விட்டதோ என்றிருந்தது. டாக்டரம்மாதான் பதில் சொன்னார்.

"இத மட்டும் நம்பி நான் கத்தி எடுக்க மாட்டேங்க. நடுவுல அவர முழிக்க வெச்சு, பேச வெச்சு, தொட்டுப் பாத்துதான் எடுப்பேன். ஆனா எங்க முதல்ல தொடணும்னு இது சொல்லும். படம் தைரியம் குடுத்தா என் கையும் கொஞ்சம் தைரியமாத்தான் போகும். நீங்க வந்து சொன்னது ரொம்ப நல்லது."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, மிச்சம் விடுவீங்களா என்று கேட்டார். இருந்தால் விடுவேன், விட்டதைக் கண்காணிப்போம், மெதுவாக வளர்கிற ரகத்தோடு பல வருஷம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இரண்டாவது ஸ்கேனுக்கு முன்னால் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எங்களோடு உட்கார்ந்தாள். எழுத்தைக் காட்டி வார்த்தை கேட்பது இவருக்குச் சரிப்படாது, பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியை நினைக்கச் சொல்லலாம் என்றாள். நாள் முழுக்க எதைப் பற்றிப் பேசுவார் என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னதை வைத்து வாக்கியம் எழுதிக்கொண்டு வந்து படித்தாள். கிளட்சை மிதித்து கியரை. 'மாத்து' என்றார் மாஸ்டர். மழையில் ஓட்டும்போது வேகத்தை. 'குறை.' வளைவு வருமுன் பிரேக்கை மிதித்து கியரை உயர்த்தி என்று ஒன்று இருந்தது. வளைவில் கியரைக் குறைக்க வேண்டும் என்பதால் அவர் முடிவு சொல்லாமல் முறைத்தார். இதை எழுதினவங்களுக்கு லைசென்ஸ் யார் கொடுத்தது என்பதைத் தேடித்தேடி ஒருவழியாகக் கேட்டு முடித்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டு அதை அடித்துவிட்டாள். அப்புறம் நான் ஒன்று சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"எங்க வீட்டு மேடத்துக்கு வண்டி ஓட்ட…"

"வராது," என்றார் மாஸ்டர். தேடவே இல்லை. மூச்சு விடுகிற மாதிரி வந்தது. அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

இந்த முறை மெஷின் அம்மாள் அவருடைய கணுக்கால்மேல் சின்ன மணல் மூட்டை ஒன்றை வைத்து, பட்டையால் கட்டிவிட்டு, இன்னைக்கு வண்டி ஸ்டாண்டிலேயே நிக்கட்டும் சார் என்றாராம். படத்தில் உச்சிப் புள்ளி போய்விட்டது. கட்டியின் பின்விளிம்பை ஒட்டி, போர்வைக்குள் டார்ச் அடித்தது போல மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. பேச்சு அங்கே இருந்தது. கட்டிக்கு அவ்வளவு கிட்டத்தில். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல எனக்கு இருந்தது. இத்தனை வருஷம் என் காதில் விழுந்த அத்தனையும் இந்தத் துளி இடத்திலிருந்தா வந்தது. முன்விளிம்பு இருட்டாக இருந்தது. அந்த இருட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஸ்கேன் டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலையில் மாஸ்டரை ஸ்ட்ரெச்சர் வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, தள்ளுகிறவர் வளைவில் வேகமாகத் திருப்பினார். போர்வைக்குள் கால் அமுங்கியதைப் பார்த்தேன்.

உள்ளே நடந்ததை டாக்டரம்மா பிற்பாடு தன் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டிச் சொன்னார். நடுவில் எழுப்பியிருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சிப் பெண் தலைமாட்டில் உட்கார்ந்து வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டே இருக்க, டாக்டரம்மா மெல்லிய மின்சாரக் குச்சியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போயிருக்கிறார். படத்தில் வெளிச்சம் தெரிந்த பின்விளிம்பைத் தொட்டபோது மாஸ்டரின் பேச்சு குழறியது. படம் சரியாகத்தான் சொல்லியிருந்தது, அங்கே பேச்சு கட்டிக்கு வெளியேதான் இருந்தது. பிறகு இருட்டாக இருந்த முன்விளிம்புக்கு வந்தார். 'எங்க வீட்டு மேடத்துக்கு வண்டி ஓட்ட…' என்று அந்தப் பெண் கேட்டாள். பதில் இல்லை. கண் திறந்திருக்கிறது, அவளைப் பார்க்கிறார், வாய் அசையவில்லை. குச்சியை எடுத்தார்கள். திரும்பக் கேட்டாள். 'வராது' என்று உடனே வந்தது. மறுபடி தொட்டார்கள், மறுபடி நின்றது. குச்சியை எடுத்ததும் 'வராது' வந்துவிட்டது.

"அந்த இடத்துல ஒரு சின்ன துண்டுக் காகிதத்த அடையாளத்துக்கு வெச்சுட்டு நாம அந்தப் பக்கமே போகல," என்றார் டாக்டரம்மா. "நகக்கண் அளவு விட்டிருக்கேன். மத்ததெல்லாம் எடுத்தாச்சு."

எனக்கு வண்டி ஓட்ட வராததை அப்படி வாழ்நாளில் யாரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள். டாக்டரம்மாவின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நகக்கண் அளவில் அவருடைய கேலியும் இருந்தது, கட்டியும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் படங்களிலும் வீக்கம் எது, கட்டி எது என்று சில சமயம் பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவைத்தார். வெளியூரில் இருக்கிற எங்கள் மகளுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். முழுசா போயிடுச்சாம்மா என்று கேட்டாள். அப்பா முழுசா இருக்கார் என்றேன்.

அது அவ்வளவு சீக்கிரம் நிஜமாகவில்லை. வார்டுக்கு வந்தபிறகு பேச்சு முன்னைவிடக் குறைந்திருந்தது. வீக்கம் வற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக வரும், இப்படி ஆவது சகஜம்தான் என்றார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டார். ஏதோ சொல்ல ஆரம்பிப்பார், பாதியில் நின்றுவிடும். உடனே நான் வார்த்தையை எடுத்து நீட்டுவேன். அவர் தலையாட்டி வாங்கிக்கொள்வார். பேச்சுப் பயிற்சிப் பெண் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனாள். நீங்க எடுத்துக் குடுத்துட்டே இருந்தா அவருக்குத் தேட வேண்டிய அவசியமே இருக்காதும்மா, கொஞ்ச நாளைக்கு உங்க வாய நீங்க கட்டிப்போட்டுக்கணும் என்றாள். பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உள்ளே போய் உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது.

அன்று மத்தியானம் நல்ல வெளிச்சம். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அவரை ஜன்னலைப் பார்க்கச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். தலையைச் சுற்றிக் கட்டு, அதற்குக் கீழே சவரம் பண்ணாத முகம். எதிர்க் கட்டடத்து மாடியில் ஒரு பெண் செடித்தொட்டி ஒன்றை இடுப்பில் அணைத்தபடி, சுவரில் சாய்த்திருந்த ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பிடித்து, காலால் துழாவி, ஒவ்வொரு படியாக. தொட்டியில் இருந்த செடி அவள் முகத்தில் உரசிக்கொண்டே இருந்தது.

மாஸ்டர் விரலை நீட்டினார்.

"அங்க… அந்தப் பொண்ணு…"

நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பெண் நடுவழியில் நின்று தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அவர் நெற்றி சுருங்கியது. வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொண்டேன். அவர் விரல் அப்படியே காற்றில் நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் கால் அடுத்த படியைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடினார், திறந்தார். உதடுகள் மெதுவாகப் பிரிந்து, 'ஏ' சொல்ல வருவது போல இரண்டு பக்கமும் விரிய ஆரம்பித்தன.